பேட்டரி லைட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடியுங்கள்

தொண்டாமுத்தூர், நரசீபுரம், கெம்பனூர், அட்டுக்கல், தேவராயபுரம், விராலியூர் பக்கம் தோட்டத்துக்கு ராத்திரிக் காவல் போகும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், அவர்களோடு விடிய விடியச் சுற்றும் வனத்துறைக் காவலர்களுக்கும் வணக்கம்.

யானையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வாழைக்குள் நிற்கிறதா, பாக்குத் தோப்புக்குள் இறங்கிவிட்டதா என்பதை மட்டை ஒடிகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவீர்கள். ரோலக்ஸ் என்று பெயர் வைத்திருந்த ஆண் யானையை 2025இல் பிடித்து டாப்சிலிப் பக்கம் கொண்டுபோனார்கள். அதற்காக மலையடிவாரத்தில் யாரும் சாளையில் நிம்மதியாகக் கட்டிலை விரித்துவிடவில்லை. ஒன்று போனால் இன்னொன்று வரும், காவலும் தொடரும். நான் எழுத வந்தது உங்கள் கண்ணைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவன் நான். விழித்திரை பற்றிய பாடத்தை வருடா வருடம் ஐந்து மதிப்பெண் கேள்விக்காக நடத்தி முடித்துவிடுகிறோம். அந்தப் பாடம் யாருக்கு உயிர்ப் பிரச்சினையோ அவர்களிடம் அது வந்து சேர்வதே இல்லை.

காவலில் கடந்த சில வருடங்களில் வந்த பெரிய மாற்றம் வெளிச்சம்தான். முன்பெல்லாம் மூன்று கட்டை பேட்டரி லைட் ஒன்று, தகர டப்பா ஒன்று, நாலு பட்டாசு. இப்போது நெற்றியில் கட்டுகிற எல்இடி, கையில் இன்னொன்று, மடியில் செல்போன். இத்தனை வெளிச்சம் வந்த பிறகும், “பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியவே இல்லீங்” என்ற பேச்சு குறையக் காணோம். என் கணிப்பில், தெரியாமல் போனதற்குப் பாதிக் காரணம் அந்த வெளிச்சமே.

சாயங்காலம் ஒரு காரியம் செய்து பாருங்கள். கோழிக்கொண்டை போட்ட காட்டின் வரப்பில், மசங்குகிற நேரத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வெயில் இருந்தவரை கண்ணைப் பறித்த சிவப்புப் பூ, பொழுது இறங்க இறங்கக் கருத்துவிடும். அதன் இலையோ நிறம் போனாலும் வெளுத்த சாம்பலாக இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். பகலில் இலையைவிட எடுப்பாக இருந்த பூ, மசங்கலில் இலையைவிட இருட்டாகிறது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 1825இல் இதை எழுதிவைத்தார். பூ மாறவில்லை; பார்க்கிற செல் மாறிவிட்டது. பகலில் பார்த்தது ஒரு கூட்டம், இருட்டியதும் வேலைக்கு வருவது இன்னொரு கூட்டம்.

கண்ணுக்குள் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. அதில் பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள் இருக்கின்றன, ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம். இருட்டுக்குக் குச்சி செல்கள், ஏறத்தாழ 12 கோடி. குச்சி செல்லுக்கு நிறம் தெரியாது, நீண்ட அலைநீளச் சிவப்பு அதன் மேல் பட்டும் படாத மாதிரிதான். கோழிக்கொண்டை கருத்துப்போவது அதனால்தான். இந்த இரண்டு கூட்டத்தின் வேலைப் பங்கீட்டை 1866இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷுல்ட்சே, பகலில் திரியும் பிராணிகளின் கண்ணையும் இரவில் திரியும் பிராணிகளின் கண்ணையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். ஆந்தைக் கண்ணில் பெரும்பாலும் குச்சிதான்.

ஒரு குச்சி செல்லை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். அதன் நுனிப் பாகத்தில் வட்டத் தகடுகள் கவுளி கட்டிய வெற்றிலை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒரு செல்லுக்கு ஆயிரம் சுமாருக்கு. ஒவ்வொரு தகட்டிலும் ரோடாப்சின் என்ற ஊதாச் சிவப்பு நிறமி. 1876இல் பிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர் தவளையின் விழித்திரையை இருட்டில் பிரித்தெடுத்தபோது அது சிவப்பாக இருந்தது. வெளிச்சத்தில் வைத்ததும் கண்ணெதிரே வெளுத்துப்போனது. பார்வை என்பது ஒரு சாயம் வெளுக்கிற வேலை என்று முதலில் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ரோடாப்சினில் இரண்டு பொருள்கள் உண்டு. ஆப்சின் என்ற புரதம், அதற்குள் பொதிந்திருக்கும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு. ரெட்டினால் வைட்டமின் ஏயிலிருந்து வருவது. அது வளைந்த வடிவில் புரதத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஒளியின் ஒரே ஒரு துகள் வந்து பட்டால் போதும், அது நிமிர்ந்துவிடும். எவ்வளவு நேரத்தில் தெரியுமா? ஒரு நொடியில் 5 லட்சம் கோடியில் ஒரு பங்கு. கண்ணில் ஒளி செய்கிற வேலை இவ்வளவுதான். மீதியெல்லாம் வேதியியல். நிமிர்ந்த மூலக்கூறு புரதத்தை அசைக்கிறது, அது பக்கத்துப் புரதங்களைத் தட்டி எழுப்புகிறது, அவை ஒரு நொதியைக் கிளப்பிவிடுகின்றன, அந்த நொதி செல்லின் வாசல்களைத் திறந்து வைத்திருந்த ரசாயனத்தை அழிக்கிறது. வாசல்கள் மூடுகின்றன. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் குறைகிறது. அந்தக் குறைவுதான் மூளைக்குப் போகிற சேதி.

பாடம் நடத்தும்போது பிள்ளைகள் நம்ப மறுக்கிற இடம் இது. வெளிச்சம் பட்டால் செல் விழித்துக்கொள்ளும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நிஜத்தில் குச்சி செல் இருட்டில்தான் ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது, வெளிச்சம் பட்டால் அடங்குகிறது. விழித்திரை அதிகம் சக்தியைச் செலவழிப்பதும் இருட்டில்தான். நீங்கள் பரண் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதாக வீட்டில் நினைக்கலாம், உங்கள் கண் அப்போதுதான் கடுமையாக உழைக்கிறது.

அந்தச் செல்லின் கூர்மை எந்தக் கருவிக்கும் சளைத்ததல்ல. 1942இல் நியூயார்க்கில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவரும் முழு இருட்டில் பழகிய கண்ணுக்கு மிக மெல்லிய ஒளிப்பொட்டைக் காட்டிக் கணக்கெடுத்தார்கள். ஐந்திலிருந்து பதினான்கு ஒளித்துகள்கள் விழித்திரையில் பட்டாலே ஆள் “தெரிகிறது” என்கிறார். அவை வெவ்வேறு குச்சிகளில் சிதறி விழுவதால், ஒரு குச்சிக்கு ஒரு துகள் போதும் என்றாகிறது. ஒளியில் ஒன்றுக்குக் குறைந்த அளவு கிடையாது. இயற்கை அனுமதிக்கிற கடைசி எல்லை வரை உங்கள் கண் போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தக் கூர்மைக்கு விலை உண்டு. வெளுத்த சாயம் திரும்ப ஏற நேரம் பிடிக்கும். நிமிர்ந்துபோன ரெட்டினால் செல்லை விட்டு வெளியேறி, பின்னால் இருக்கும் நிறமிப் படலத்துக்குப் போய், அங்கே வளைக்கப்பட்டுத் திரும்பி வந்து புரதத்துக்குள் உட்கார வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தால் முதல் பத்து நிமிடத்தில் கூம்பு செல்கள் தங்களால் முடிந்த அளவுக்குப் பழகிவிடும். குச்சிகள் முழுக்கத் தயாராக அரைமணி, நாற்பது நிமிடம் ஆகும். அப்படித் தயாரானால் கண்ணின் கூர்மை லட்சம் மடங்குக்கு மேல் கூடியிருக்கும். அதைக் கெடுக்க ஒரு பளீர் வெளிச்சம் சில நொடி முகத்தில் அடித்தால் போதும்.

இப்போது உங்கள் காவலை யோசித்துப் பாருங்கள். எட்டு மணிக்குப் பரண் ஏறுகிறீர்கள். எட்டே காலுக்குப் போனில் வீடியோ. அதை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே தென்னை எது, வானம் எது என்றே தெரிவதில்லை. கொஞ்சம் பிடிபடுகிற நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் “யாருங்க அது?” என்று நெற்றி லைட்டை நேராக முகத்தில் அடிக்கிறார். நீங்களும் பதிலுக்கு அவர் முகத்தில் அடிக்கிறீர்கள். இரண்டு பேரும் சில நிமிடம் குருடு. அதற்குள் பீடிக்கு ஒரு தீக்குச்சி. இப்படியே விடிந்தால் அந்த ராத்திரி முழுக்க உங்கள் 12 கோடிக் குச்சியும் ஒருமுறைகூட முழுசாக வேலைக்கு வரவில்லை என்று கணக்கு. கூம்பை மட்டும் வைத்துக்கொண்டு யானைக் காவல் பார்த்திருக்கிறீர்கள்.

வெளிச்சமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கிற ஊர் இது. நடக்கும்போது காலடிக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் காலடிக்கு மட்டும். தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்த லைட் உங்கள் கண்ணையும் அவ்வளவாகக் கெடுக்காது, எதிரே வருகிறவர் கண்ணையும் கெடுக்காது. உட்கார்ந்த இடத்தில் டீயை ஊற்ற, கட்டையை அடுக்க, மணி பார்க்க வெளிச்சம் தேவைப்பட்டால் லைட்டின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். மங்கலான சிவப்பைக் குச்சி செல்கள் கண்டுகொள்ளாது என்பதால் பழகின இருட்டுப் பார்வை அப்படியே இருக்கும். உலகெங்கும் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் சிவப்பு லைட் வைத்திருப்பது இதற்காகத்தான். பெரிய லைட்டை அடித்தே ஆகவேண்டிய நேரம் வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இருட்டுப் பழக்கம் கண்ணுக்குக் கண் தனித்தனி. லைட் அணைந்ததும் மூடின கண் கைகொடுக்கும். யானையைத் தேடி அடிக்கிற பெரிய லைட் குழுவில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அவர் அடிக்கும் முன் “அடிக்கறேன்” என்று ஒரு குரல் கொடுக்கட்டும். இதற்குக் காசு செலவில்லை.

பார்க்கிற விதத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. விழித்திரையின் நட்ட நடுவில், நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழுகிற இடத்தில், குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே கூம்புதான். ஆகவே இருட்டில் ஒன்றை நேராக முறைத்துப் பார்த்தால் அது மறைந்துபோகும். கார்த்திகைக் கூட்டத்தை வானத்தில் நேராகப் பார்த்தால் நாலைந்து மீன் எண்ணுவீர்கள், பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்தால் இன்னும் இரண்டு கூடும். தோப்பு ஓரத்தில் சந்தேகமாக ஏதாவது நின்றால் அதற்கு ஒரு சாண் இடப்பக்கமோ வலப்பக்கமோ பாருங்கள். ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்காமல் பார்வையை மெள்ள நகர்த்திக்கொண்டே இருங்கள். இன்னொன்றையும் மனசில் வையுங்கள்: நூற்றுக்கணக்கான குச்சிகள் சேர்ந்து ஒரே நரம்புக்குச் சேதி கொடுக்கின்றன. அதனால்தான் மங்கல் வெளிச்சம்கூடப் பிடிபடுகிறது, அதனால்தான் விளிம்பு தெரிவதில்லை. இருட்டில் உங்களுக்குத் தெரிவது ஒரு திண்டு மட்டும். அது பாறையா, குட்டியோடு நிற்கிற பெண் யானையா என்று குச்சி செல் சொல்லாது. சந்தேகம் என்றால் யானை என்றே வைத்துக்கொண்டு பின்வாங்குங்கள்.

யானைக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் யோக்கோயாமா என்ற விஞ்ஞானியின் குழு 2005இல் யானைக் கண்ணின் நிறமிகளை ஆராய்ந்தது. நம்மிடம் மூன்று வகைக் கூம்பு, யானையிடம் இரண்டுதான். சிவப்பு பச்சை பேதம் தெரியாத மனிதர்களின் கண்ணில் இருக்கும் அதே ஜோடி நிறமிகள். ஆக வேலியில் சிவப்புத் துணி கட்டிவைத்தால் யானை பயப்படும் என்பது நம் ஆறுதலுக்கு. அந்தத் துணியின் சிவப்பு நமக்குத்தான் சிவப்பு. யானைக்கு அந்த நேரத்தில் கண்ணைவிடத் துதிக்கையே பெரிய கண்.

மதுக்கரை ரயில் பாதையில் 2024இல் கோபுரம் கோபுரமாக வைத்த கேமராக்கள், நம் கண்ணுக்குப் படாத வெப்பக் கதிரை வைத்து யானையைக் கண்டுபிடித்து ரயில்காரர்களுக்குச் சேதி சொல்கின்றன. நல்ல காரியம். அந்தக் கதிரில் குச்சி செல்லின் நிறமியை நிமிர்த்துகிற தெம்பு கிடையாது, எத்தனை கூர்மையான கண் என்றாலும் தெரியாது. மலையடிவாரத் தோட்டம் எல்லாவற்றுக்கும் அப்படியொரு கேமரா வருகிறவரை உங்கள் கையில் இருக்கும் கருவி கண் ஒன்றுதான்.

அந்தக் கருவி பழுதானவர்களும் காவலுக்கு வருகிறார்கள். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதைச் சொல்லத்தான்.

வயசானவர்களை முதலில் சொல்கிறேன். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. பாப்பா சுருங்கிவிடும், லென்ஸ் மஞ்சளித்துவிடும், இருட்டுக்குப் பழக நேரமும் கூட எடுக்கும். கண்புரை இருந்தால் எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணெல்லாம் பரவிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இருட்டுப் பார்வை இன்னும் சீக்கிரம் குறையலாம். நாற்பது வருடம் காவல் பார்த்த அனுபவம் அப்பிச்சிக்கு இருக்கிறது, வாஸ்தவம். அனுபவம் காதுக்கு உதவும். சாயத்தை ஏற்றித் தராது.

அடுத்தது மாலைக்கண். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் ரெட்டினால் இல்லை, ரெட்டினால் இல்லாவிட்டால் ரோடாப்சின் இல்லை. கண்ணில் வைட்டமின் ஏ இருப்பதை 1933இல் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கத்து மலையிலேயே, குன்னூரில், மெக்கரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறும் வரை இந்த மாதிரிக் குறைபாடுகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தது. 1990இல் வெளியான திருச்சி மாவட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லக்ஷ்மி ரஹ்மத்துல்லாவும் மற்றவர்களும் சுமார் 15,000 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு வாரா வாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அந்தப் பாதியில் குழந்தைச் சாவு 54 சதவீதம் குறைந்தது. கண்ணுக்கு என்று நினைத்த மருந்து உயிரைக் காத்தது. இன்று அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிற சொட்டு அதுதான், ஐந்து வயது வரை விடாமல் ஊற்றுங்கள். பெரியவர்களுக்கு வேலியோர முருங்கைக்கீரையும் பப்பாளியும் போதும். சரியாக இருக்கிற கண்ணுக்கு மேலும் மேலும் மாத்திரை போட்டால் பார்வை கூடாது, ஈரல்தான் கெடும். கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

கீரை தின்றும் சரியாகாத மாலைக்கண் ஒன்று உண்டு. அதைத்தான் வீடுகளில் மறைக்கிறோம். பையன் பகலில் நன்றாகத்தான் ஓடியாடுவான். மசங்கினதும் வாசலைத் தாண்ட மாட்டான், வாய்க்காலில் காலை விடுவான், வைத்த சொம்பைத் தட்டிவிடுவான். “இருட்டுன்னா பயந்துக்குவான்” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மரபணுக் கோளாறால் குச்சி செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற நோய் அது. பிறகு பக்கப் பார்வை சுருங்கும், கடைசியில் கூம்புகளும் போகும். உலகக் கணக்கில் 4,000 பேருக்கு ஒருவர் என்பார்கள். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட கணக்கில், 40 வயதைத் தாண்டியவர்களில் நகரத்தில் 930 பேருக்கு ஒருவர், கிராமத்தில் 372 பேருக்கு ஒருவர். சொந்தத்துக்குள் கொடுத்து வாங்குகிற பழக்கத்தை இங்கே பேசாமல் இருக்க முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 28 சதவீதக் கல்யாணம் ரத்த சொந்தத்துக்குள்தான், நாட்டிலேயே அதிகம். அப்பன் வழியிலும் ஆத்தா வழியிலும் ஒரே பழுது மரபணு வந்து சேர்ந்தால் குழந்தைக்கு நோய் வருகிற வகைகள் இதில் பல. தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது தப்பா சரியா என்று வாதாட நான் வரவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு மாலைக்கண் இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் கண் டாக்டரையும் மரபணு ஆலோசகரையும் பாருங்கள். பூ வைக்கும் முன் ஜாதகம் பார்க்க எத்தனை வீடு ஏறி இறங்குகிறோம்.

பெரும்பாலான வகைகளுக்கு இன்னும் வைத்தியம் இல்லை. ஒரு வகைக்கு வந்துவிட்டது. ரெட்டினாலைத் திரும்ப வளைத்துக் கொடுக்கிற நொதியின் மரபணு கெட்டவர்களுக்கு, நல்ல மரபணுவைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. விலை நம் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. ஆனாலும் எந்த வகை என்று இப்போதே தெரிந்துவைத்திருப்பவருக்குத்தான் நாளைக்கு வருகிற வைத்தியம் பயன்படும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது. கண்ணில் குச்சியும் கூம்பும் தவிர மூன்றாவதாக ஒளி உணரும் செல் ஒன்று இருப்பது 2002இல் உறுதியானது. ஒடிசாவில் பிறந்த சச்சின் பாண்டா அந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்களில் ஒருவர். அந்தச் செல் படம் பார்ப்பதற்கு இல்லை. பகலா ராத்திரியா என்று உடம்புக்குச் சொல்வதற்கு. நீல வெளிச்சம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். காவல் முடிந்து வந்து தூக்கம் வரவில்லை என்று புரள்கிறவர்கள், விடிகாலையில் கட்டிலில் போனை எடுக்காமல், ஜன்னலை மறைத்துப் படுத்துப் பாருங்கள்.

நம் பக்கம் கண் முகாம் நடக்கும்போதெல்லாம் ஏற்பாட்டைக் கிட்ட இருந்து பார்க்கிறேன். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறார்கள், புரை பார்க்கிறார்கள், கண்ணாடி எழுதிக் கொடுக்கிறார்கள். கூட்டம் அப்படி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பலகை கூம்பு செல்லுக்கு வைத்த பரீட்சை. குச்சி செல்லை அதில் யாரும் விசாரிப்பதில்லை. எழுத்து அத்தனையும் சரியாகப் படித்த ஆள் அன்று ராத்திரியே வாய்க்காலில் விழலாம்.

ஆகவே நீங்களாகச் சொல்லுங்கள். “டாக்டருங்க, எனக்கு ராத்திரிக் காவலுங்க. இருட்டுல முன்ன மாதிரி தெரியறதில்லீங்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம்: காவல் குழுவில் எல்லோரும் லைட்டை அணைத்துவிட்டு அரைமணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். மற்ற எல்லோருக்கும் வரப்பும் வாய்க்காலும் பிடிபட்ட பிறகும் ஒருவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால், அவரைக் கேலி செய்யாதீர்கள், காவலுக்கும் அனுப்பாதீர்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
பேரூர்ப் பக்கத்து உயிரியல் வாத்தியார் ஒருவன்